ஒன்பது அம்மிகளின் கணக்கு

கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று ஊரைக் கடந்து போன மறுநாள் காலையில், அன்னூர்ப் பக்கம் போனாலும் பல்லடம் பக்கம் போனாலும் ஒரே மாதிரியான காட்சிதான் கண்ணில் படும். ஹாலோ பிளாக் கல்லில் கட்டிய சின்ன வீடு. நான்கு சுவர்களும் நிற்கின்றன. அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள் அடுக்கியபடியே இருக்கின்றன. கூரை மட்டும் இல்லை. அதன் ஷீட்டுகள் அடுத்த தோட்டத்து வாழைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. பார்க்கிற நாம் காற்றின் பலத்தைப் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். அதில் ஒரு புதிர் இருப்பதைக் கவனிப்பதில்லை. காற்று நிலத்தோடு ஒட்டிக் கிடையாக வருகிறது. அதற்கு நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பது சுவர்தான். கூரையோ ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. காற்று தள்ளுவதால் சேதம் வருகிறது என்றால் முதலில் சுவர் விழ வேண்டும். கூரை அதற்குப் பிறகுதான். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அதுவும் கூரை பக்கவாட்டில் நகர்வதில்லை, மேலே எழும்பித்தான் போகிறது. கிடையாக வந்த காற்றுக்கு மேலே தூக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், காற்றுக் காலத்துக்கு முன் ஏழை வீடுகளுக்கு என்ன உதவி செய்யலாம் என்பதற்கும் விடை கிடைத்துவிடும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கூரை பறக்கக் கூடாது என்று நம் மக்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஷீட்டின் மேல் கல்லைத் தூக்கி வைப்பார்கள், மணல் மூட்டை போடுவார்கள், பழைய டயரைப் போடுவார்கள். எடை இருந்தால் நிற்கும் என்பது அதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியும் இதே எடைக் கணக்கில்தான் பேசுகிறது. தரையில் கிடக்கும் அம்மியை எந்த ஆடிக்காற்றும் தூக்கியதில்லை. காற்று பிடித்துத் தூக்க அதற்கு அகலமும் போதாது. ஆனால் அதே அம்மியைக் கூரை ஷீட்டின் மேல் வைத்தால் கதை வேறு. அங்கே பழமொழி சொல்வது ஏறக்குறைய உண்மை.

முதலில் காற்றின் எடையைப் பார்த்துவிடலாம். காற்று என்றால் ஒன்றுமில்லாதது என்றுதான் நமக்குத் தோன்றும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கும் காற்றை நிறுத்துப் பார்க்க முடிந்தால் 30 கிலோவுக்கு மேல் வரும். அதாவது ஒரு நடுத்தர அம்மியின் எடை. புயலில் அப்படிப்பட்ட அறை அறையான காற்று, ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து வீட்டின் மேல் மோதுகிறது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் கூடும்போது ஒவ்வொரு நொடியும் வந்து மோதும் காற்றின் அளவும் கூடுகிறது, அது மோதும் வேகமும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. பத்து ஆண்டுகள் எல்லாக் காற்றையும் தாங்கிய கூரை இதையும் தாங்கும் என்ற நினைப்பு பொய்த்துப்போவது இந்த இடத்தில்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றைத் தாங்கியது, 100 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்பதற்கு அத்தாட்சியே ஆகாது.

இனி மேலே தூக்கும் விஷயத்துக்கு வருவோம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, குறுக்கே கட்டிய சிறு தடுப்பு ஒன்றைத் தாண்டும் இடத்தைக் கவனித்தால் போதும். தண்ணீர் தடுப்பின் விளிம்பில் அப்படியே மடிந்து கீழே ஒட்டி ஓடுவதில்லை. வந்த வேகத்தில் விளிம்பை விட்டுத் தாவிப் போகிறது. தாவிய தண்ணீருக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு குழிவு விழுந்து, அதில் நீர் சுழன்றுகொண்டே இருக்கும். காற்றும் வீட்டின் முன் சுவரில் முட்டி மேலேறி, இறவாரத்தின் விளிம்பில் திரும்ப முடியாமல் கூரையை விட்டுப் பிரிந்து தாவுகிறது. இதற்குப் பிரிந்தோட்டம் என்று பெயர் வைக்கலாம். பிரிந்து போகும் ஓட்டம், தனக்கும் கூரைக்கும் நடுவே உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமோ குறையவில்லை. மேலே குறைவு, கீழே அதிகம் என்றானதும் கூரை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் காற்று கூரையை உறிஞ்சியதுபோல் இருக்கும். பொறியாளர்கள் இந்த விசையை மேலிழுப்பு என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறார்கள்.

கூரை முழுவதும் இந்த இழுப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. காற்று சுவருக்கு நேராக வராமல் வீட்டின் மூலையை நோக்கிக் குறுக்காக வரும்போது, மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளின் வழியாகவும் காற்று சுருண்டு சுருண்டு ஓடுகிறது. நூற்பாலையில் பஞ்சு இழை முறுக்கேறி நூலாவதுபோல, காற்று முறுக்கேறி இரண்டு கயிறுகளாகிறது. அந்த முறுக்கின் நடுவில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடும். எனவே கூரையின் நடுப்பகுதியைவிட மூலைகளிலும் ஓரங்களிலும் இழுப்பு இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். பறந்த கூரைகளைப் பார்த்தால், சேதம் மூலையிலோ ஓரத்திலோ தொடங்கி உள்ளே பரவியிருப்பது தெரியும். ஒரு ஷீட்டின் நுனி எழும்பிவிட்டால் காற்று அதன் அடியில் நுழைந்துகொள்ளும். அடுத்த ஷீட்டுக்கு அதிக நேரம் ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத இந்த இழுப்பை எப்படி அளந்தார்கள்? கூரையில் ஊசித்துளைகள் போட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய குழாயை அழுத்தமானிக்குக் கொண்டுபோய் இணைத்தால், அந்தப் புள்ளியில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். சிறிய மாதிரி வீடுகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இப்படி ஆயிரக்கணக்கான அளவீடுகள் எடுக்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் அத்தகைய சுரங்கம் இருக்கிறது. மாதிரியில் கண்டது உண்மையான வீட்டுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அதற்காக அமெரிக்காவில் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், லபக் என்ற காற்று மிகுந்த ஊரில் முழு அளவுக் கட்டடம் ஒன்றையே எழுப்பினார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கேற்பத் திருப்பிவைக்க வசதியாக, அந்தக் கட்டடம் வட்டத் தண்டவாளத்தின் மேல் நின்றது. அங்கே அளந்தபோது மூலைகளில் உறிஞ்சல், சுரங்க மாதிரிகள் காட்டியதைவிடவும் கடுமையாக இருந்தது. மேலிழுப்பு வெறும் ஊகமில்லை. வெட்டவெளியில், இயற்கைக் காற்றில் அளந்து கண்ட உண்மை.

அந்த அளவுகளை நம் ஊர் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நூறு சதுர அடி அறை. மேலே கலர் ஷீட் கூரை. அந்த ஷீட்டுகளின் மொத்த எடை சுமார் 45 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், சரிவு குறைந்த அந்தக் கூரையின் மேல் வரும் மேலிழுப்பு ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமம். ஷீட்டின் எடையைக் கழித்தால் 300 கிலோ மிச்சம். கூரையில் பிணைப்பு எதுவும் இல்லாமல் எடையை மட்டும் நம்புகிறோம் என்றால் ஒன்பது அம்மிகளை மேலே ஏற்ற வேண்டும். எட்டு அம்மி ஏற்றினால் ஏற்றிய அம்மியும் சேர்ந்து எழும்பும். பழமொழி சொன்னது இதுதான். நாம் வைக்கும் நான்கைந்து கற்களும் இரண்டு மணல் மூட்டைகளும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? அதோடு, காற்றில் உருண்டு விழும் கல் கீழே இருப்பவர் தலைக்கு ஆபத்து. சிமெண்ட் அட்டையாக இருந்தால் கல்லின் பாரமே அதில் கீறலைத் தொடங்கிவைக்கும்.

அப்படியானால் நம் முன்னோர் எடையை நம்பி வாழ்ந்தது தவறா? தவறில்லை, அவர்களின் கூரை வேறு. நூறு சதுர அடிச் சீமை ஓட்டுக் கூரையில் ஓடு மட்டுமே 400 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதன் சரிவும் செங்குத்தாக இருக்கும். சரிவு கூடக்கூடக் காற்று வரும் பக்கத்தில் உறிஞ்சல் குறைகிறது; காற்று அந்தப் பக்கத்தை ஓரளவு கீழே அழுத்தவும் செய்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகள் வழியாக உள்ளேயிருக்கும் காற்று கசிந்து வெளியேறுவதால், மேலும் கீழும் அழுத்த வேறுபாடும் தணிகிறது. முகட்டு ஓட்டையும் ஓர வரிசை ஓடுகளையும் சாந்து வைத்துப் பூசும் வழக்கம், இழுப்பு அதிகமான இடங்களிலேயே பிடிப்பையும் அதிகமாக வைத்தது. பிறகு ஓட்டின் இடத்தில் அட்டையும், அட்டையின் இடத்தில் கலர் ஷீட்டும் வந்தன. செலவு குறைந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது, ஒழுகல் நின்றது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் எடை பத்தில் ஒரு பங்காகிவிட்டது, சரிவு படுத்துவிட்டது, சந்துகள் அடைபட்டுவிட்டன. எடையால் நின்ற கூரை போய், பிணைப்பால் மட்டுமே நிற்கக்கூடிய கூரை வந்துவிட்டது. நாமோ இன்னும் கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மேல் ஆபத்தைக் கூட்டுவது கதவு. காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவோ சன்னலோ தெறித்துத் திறந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. சாக்குப் பையின் வாயைக் காற்றுக்கு நேரே பிடித்தால் எப்படி உப்புகிறதோ அப்படி வீடு உப்புகிறது. மேலே உறிஞ்சல், கீழே உந்தல். இரண்டும் சேர்ந்தால் நம் கணக்கில் வந்த 350 கிலோ, 650 கிலோ வரை போகும். புயலில் சன்னலைத் திறந்துவைத்தால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்று ஒரு கருத்து பல நாடுகளில் உலவுகிறது. அது தவறு. எந்தப் பக்கமிருந்து காற்று திரும்பி அடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. காற்று வரும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் நாமே சாக்கின் வாயைப் பிரித்துக் கொடுத்தவர்களாகிறோம். எல்லாவற்றையும் நன்றாகச் சாத்தித் தாழிடுவதுதான் சரி. அதற்கு முதலில் வீட்டில் பிடிப்புள்ள தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

கூரையைத் தூக்கும் விசை கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும்? பூமிக்குள். ஷீட்டிலிருந்து திருகாணிக்கு, திருகாணியிலிருந்து குறுக்குச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அஸ்திவாரத்துக்கு. இதைச் சுமைத்தொடர் எனலாம். கவலை இறைத்த காலத்தில் சால், வடம், உருளை, நுகத்தடி என்று நீர் ஏறும் வழியில் எந்த ஒன்று அறுந்தாலும் தண்ணீர் மேலே வராது. மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நைந்த இடத்தில்தான் வடம் அறுபடும். கூரையிலும் அப்படித்தான். நல்ல ஷீட் வாங்கி, நல்ல திருகாணி போட்டு, குறுக்குச் சட்டமாக வரும் இரும்புக் குழாயைச் சுவர் மேல் வெறும் சாந்துக் கட்டியில் உட்கார வைத்தால், கூரை சட்டத்தோடு சேர்ந்து பறக்கும். சாந்து நசுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஹாலோ பிளாக் சுவரில் மூன்று நான்கு வரிசைக் கற்களின் குழிகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பி, அந்தக் கம்பியோடு சட்டத்தைப் பிணைத்தால்தான் சுவரின் எடை கூரைக்குத் துணையாக வரும். அங்கேயும் எடைதான் உதவுகிறது. ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் எடை, பிணைப்பின் வழியாக உதவுகிறது.

திருகாணி இருந்தும் ஷீட் போவது ஏன் என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் பெரும் விலை கொடுத்து விடை கண்டது. 1974 டிசம்பர் 25 அதிகாலையில் டிரேசி என்ற புயல் அந்த நகரத்தைத் தாக்கியது. நகரத்தின் வீடுகளில் சுமார் 70 விழுக்காடு அழிந்துபோனது. பொறியாளர்கள் சிதறிய தகடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தபோது, திருகாணி பிடுங்கிக்கொண்டு வராமல் அதன் இடத்திலேயே இருந்த கூரைகளைப் பார்த்தார்கள். திருகாணித் தலையைச் சுற்றியிருந்த தகடு கீறல்விட்டுக் கிழிந்து, தலையைத் தாண்டி வெளியே வந்திருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. இழுத்து விட்டு, இழுத்து விட்டு ஆட்டுகிறது. ஒரு கம்பியை ஒரே தடவையில் முறிக்க முடியாதவர்கூட முன்னும் பின்னும் வளைத்து வளைத்து முறித்துவிடுகிறாரே, அதே உலோகச் சோர்வு. சில மணி நேரப் புயலில் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் ஆயிரக்கணக்கான தடவை தகடு வளைகிறது. இந்தப் பாடத்திலிருந்து பிறந்த ஆய்வுக்கூடம் ஒன்று 1977 முதல் டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. திருகாணித் தலைக்கு அடியில் அகலமான வாஷர் வைப்பதும், ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி போடுவதும் அலங்கார வேலைகள் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

இதெல்லாம் கடலோரக்காரர்களின் கவலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் இருக்கும் கோவைக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம்தான், கடலிலிருந்து நேராகக் கரையேறும் புயலின் முழு வேகம் இங்கே வருவதில்லை. ஆனால் இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி, கட்டடங்கள் எந்தக் காற்றைத் தாங்க வேண்டும் என்று ஊர்வாரியாகச் சொல்கிறது. சென்னைக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் கோயம்புத்தூருக்கு 140 கிலோமீட்டர். விசைக் கணக்கில் கோவை, சென்னையின் ஐந்தில் மூன்று பங்கு. நாம் மேலே போட்ட ஒன்பது அம்மிக் கணக்கோ வெறும் 100 கிலோமீட்டருக்கானது. இங்கே காற்று இரண்டு வழிகளில் வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, மதகில் நெருங்கி ஓடும் தண்ணீரைப்போல வேகமெடுக்கிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் இதுவே. சித்திரை, வைகாசியில் வருவது வேறு வகை. இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று கொட்டியதுபோலக் கீழே விழுந்து தரையில் மோதி நாலாபக்கமும் சீறிப் பாய்கிறது. இதைக் கீழ்வீச்சு என்று சொல்லலாம். சில நிமிடங்களே இருக்கும், சில ஊர்களையே தொடும். வாழையை முறித்து ஷீட்டைப் பறக்கவிட அந்தச் சில நிமிடங்கள் போதும். புயலும் எப்போதும் கடலோரத்தோடு நின்றுவிடுவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, டெல்டாவைக் கடந்து திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது.

கஜாவுக்குப் பிறகு கொங்குப் பகுதியிலிருந்து டெல்டாவுக்கு லாரி லாரியாக அரிசியும் போர்வையும் தார்ப்பாயும் போயின. அந்த மனம் பெரிது. அதைக் குறைத்துப் பேசுவதற்கு இடமேயில்லை. இருந்தாலும் பணத்தின் வேலையை ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பறந்துபோன கூரைக்குப் பதில் புதிய ஷீட் கொடுக்கும் அறக்கட்டளை, அதே சுவர், அதே சாந்துக் கட்டி, அதே நான்கு திருகாணியின் மேல் அதைப் போட்டுக் கொடுத்தால், அடுத்த காற்றுக்கு அந்த ஷீட்டைத் தயார் செய்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள். மத்திய வியட்நாமில் ஹுவே பகுதியில் டெவலப்மெண்ட் ஒர்க்‌ஷாப் பிரான்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 1999 முதல் வேறு வழியில் போனது. புது வீடு கட்டித் தரவில்லை. இருக்கிற வீட்டைப் புயல் காலத்துக்கு முன் இறுக்கிக் கொடுத்தது. செலவில் ஒரு பங்கைக் குடும்பமே ஏற்றது. உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வைத்த விதிகளில் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் ஒன்று உண்டு: தாவாரத்தின் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்த்துப் போடாதே, தனியாகப் போடு. தாவாரம் பறந்தாலும் வீடு தப்பிக்கும். 2006-இல் சாங்சேன் புயல் அந்தப் பகுதியைத் தாக்கியபோது, இறுக்கிய வீடுகள் தாக்குப்பிடித்தன. 2008-இல் அந்தப் பணிக்கு உலக வாழ்விட விருது கிடைத்தது.

இன்னும் கறாரான சாட்சி வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து தென் கரோலினாவின் ரிச்பர்க் ஊரில் 105 பெரிய விசிறிகள் கொண்ட கூடம் ஒன்றை அமைத்தன. 2010-இல் அதற்குள் இரண்டு வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் மட்டும் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை உலோகப் பட்டைகளால் பிணைப்பு. விசிறிகள் சுழன்றதும் பிணைப்பில்லாத வீடு நொறுங்கி விழுந்தது. மற்றது சிறு சேதத்தோடு நின்றது. ஒரே காற்று, ஒரே வடிவம், வேறுபாடு பிணைப்பில் மட்டும். பொருளாதாரக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். பேரிடருக்கு முன் செலவழித்த ஒவ்வொரு டாலரும் பின்னால் வரும் இழப்பில் நான்கு டாலரை மிச்சப்படுத்தியது என்று அமெரிக்கத் தேசியக் கட்டட அறிவியல் கழகம் 2005-இல் கணக்கிட்டது. 2019-இல் அதையே ஆறு டாலர் என்றது. அந்த நாட்டு வீட்டின் விலையும் கூலியும் வேறு என்பதால் அந்த எண்ணைக் கொங்கு நாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. ஆனால் கணக்கின் போக்கு மாறாது. ஒரு ஷீட்டின் விலையைவிட அதைப் பிடித்து நிறுத்தும் திருகாணிகளின் விலை மிகமிகக் குறைவு என்பது எந்த நாட்டிலும் உண்மை.

அரசே எல்லோருக்கும் கான்கிரீட் வீடு கட்டித் தரும்போது ஷீட் கூரையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்பது அடுத்த ஆட்சேபம். கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. நூறு சதுர அடிக் கான்கிரீட் தளம் இரண்டு டன்னுக்கு மேல் எடை. அதை எந்தக் காற்றும் தூக்காது. திட்டம் நிறைவேறினால் குடிசைக்காரரின் துன்பம் தீரும். ஆனால் ஷீட்டின் கீழ் வாழ்கிறவர்கள் எல்லோரும் சொந்தக் குடிசைக்காரர்கள் அல்லர். திருப்பூரிலும் கோவையிலும் பனியன் கம்பெனித் தொழிலாளரும் மில் தொழிலாளரும் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள், மொட்டை மாடியில் எழுப்பிய ஒற்றை அறைகள், தோட்டத்துச் சாளைகள், கோழிப்பண்ணையில் காவல் இருக்கும் குடும்பத்தின் அறை என்று பெரிய கூட்டம் திட்டத்துக்கு வெளியே இருக்கிறது. லைன் வீட்டில் சிக்கல் கூடுதல்: வீட்டுக்காரர் அந்தக் கூரையின் கீழ் தூங்குவதில்லை, தூங்குகிறவருக்கு அந்தக் கூரையில் உரிமையில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, பாதிச் செலவை வீட்டுக்காரரை ஏற்க வைக்க ஊரில் மரியாதை உள்ள ஓர் அமைப்பால்தான் முடியும். அறப்பணியின் தேவை இங்கே பணத்தைவிடப் பேச்சுவார்த்தையில் அதிகம்.

முன்கூட்டிச் செய்யும் அறம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு யார் பணம் தருவார்கள் என்ற சந்தேகமும் உண்டு. பறக்காத கூரையைப் படம் எடுத்துப் போட முடியாதுதான். ஆனால் கோவை அந்தச் சந்தேகத்தை ஏற்கெனவே பொய்யாக்கியிருக்கிறது. 2003-இல் தொடங்கிய சிறுதுளி என்ற அமைப்பு, தண்ணீர் வற்றிய பிறகு லாரித் தண்ணீர் கொடுப்பதோடு நிற்காமல் குளங்களைத் தூர்வாரியது, மழைநீர் சேமிப்பைப் பரப்பியது. கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைகளில் இறங்கி வேலை செய்கிறார்கள். மழை வருவதற்கு முன் மழைக்கு வேலை செய்யும் பழக்கம் உள்ள ஊர், காற்றுக்கு முன் காற்றுக்கு வேலை செய்யாதா? விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. குலை தள்ளிய வாழைக்கு அவர் முட்டுக் கொடுப்பது காற்று அடித்த பிறகு அல்ல.

வேலையில் இறங்குகிறவர்கள் ஓர் எச்சரிக்கையை மறக்கக் கூடாது. பழைய சிமெண்ட் அட்டை உடையக்கூடியது. அதன் மேல் நேராகக் கால் வைத்து ஏறியவர்கள் உடைந்து உள்ளே விழுந்து உயிரிழந்திருக்கிறார்கள். பலகை போட்டு, சட்டங்களின் மேல் பாரம் விழும்படிதான் நகர வேண்டும். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருப்பதால், துளை போடும் இடத்தைத் தண்ணீர்விட்டு நனைத்து, தூசி பறக்காமல் கைத்துளைக் கருவியால் போட வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களிடம் விடும் வேலை அல்ல. தெரிந்த கூரை வேலைக்காரருக்குக் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியது. தொண்டர்கள் செய்ய வேறு வேலை இருக்கிறது: வீடு வீடாகப் போய், சட்டம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் எத்தனை திருகாணி, வாஷர் உண்டா, தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்று கீழே நின்றபடியே பார்த்துக் குறித்து வருவது. உயரம் குறைந்த வீடுகளைப் புயல் தாங்கும்படி இறுக்குவதற்கென்றே இந்தியத் தரநிலை 15498 என்ற வழிகாட்டி 2004 முதல் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல கோவையின் பொறியியல் கல்லூரிகளில் கட்டடவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் பட்டை என்பது துளையிட்டு வளைத்த இரும்புத் தகடு, அவ்வளவுதான். பம்புசெட்டும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரின் பட்டறைகளுக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை.

தையும் மாசியும் இங்கே காற்று ஓய்ந்திருக்கும் மாதங்கள். சித்திரையில் முதல் இடிமேகம் திரளும்போது ஏணி சாத்தி மேலே ஏற முடியாது. அறக்கட்டளை நடத்துகிறவர்களே, சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறவர்களே, இந்த ஆண்டு தார்ப்பாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருகாணிக்கும் வாஷருக்கும் பட்டைக்கும் மாற்றுங்கள். உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். முதலில் நான்கு மூலைகள், பிறகு ஓரங்கள், அதன் பிறகு நடுப்பகுதி. பங்குனி முடிவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.